கடைசி அறுபது கிலோமீட்டர்: சைக்கிளில் வடசென்னை நெருங்கும்போது வரும் கோளாறுகளும் சரிசெய்யும் வழிகளும்

கொல்கத்தாவிலிருந்து சென்னைக்கு தேசிய நெடுஞ்சாலை 16 வழியாக ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர். டிசம்பர் 26 காலையில் கிளம்பினேன். பொங்கலுக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தனியாக மிதித்து வந்தேன். ஒடிசாவைத் தாண்டி, ராஜமுந்திரியில் கோதாவரியைத் தாண்டி, நெல்லூர் வரைக்கும் சொல்லிக்கொள்ளும்படி ஒரு தொந்தரவும் இல்லை. வந்த கோளாறுகளில் பாதிக்கு மேல், ஆரம்பாக்கம் எல்லையிலிருந்து புதுவண்ணாரப்பேட்டையில் என் வீட்டு வாசல் வரையிலான கடைசி அறுபது கிலோமீட்டரில்தான் வந்தன. பிறகு அதே வழியில் தனியாக வந்த சிலரை எதிர்கொண்டு அழைத்துவரப் போயிருக்கிறேன். அவர்களுக்கும் இதே கதைதான்.

நெல்லூர் தாண்டியதும் மனசு வீட்டுக்குப் போய்விடுகிறது. உடம்பும் வண்டியும் இன்னும் ரோட்டில்தான் இருக்கின்றன, அவற்றைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. இத்தனை நாள் தினமும் காலையில் டயரை அமுக்கிப் பார்த்தவர், கடைசி நாளில் பார்ப்பதில்லை. கீழே உள்ளதெல்லாம் அந்தக் கடைசி நாளுக்காக எழுதியது. உங்களுக்கு எந்த அறிகுறி தெரிகிறதோ அதை மட்டும் படித்தால் போதும். ஆனால் முதலில் உள்ளதை எல்லோரும் படியுங்கள். மற்றவற்றில் பாதி அதிலிருந்துதான் கிளம்புகின்றன.

அறிகுறி: "இன்னும் அறுபதுதானே" என்று தோன்றுகிறது, நிற்க மனம் வரவில்லை

சூளூர்ப்பேட்டைக்கு மதியம் மூன்று மணிக்கு வந்து சேர்ந்தேன். அங்கேயே தங்குவதாகத்தான் திட்டம். ஆனால் கைபேசியில் மிச்சத் தூரத்தைப் பார்த்ததும் கால் தானாக மிதித்தது. ஆரம்பாக்கத்தில் பத்தொன்பது நாளுக்குப் பிறகு தமிழில் கடைப் பலகைகளைப் பார்த்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எளாவூர் சோதனைச்சாவடியைத் தாண்டும்போது வெளிச்சம் குறைய ஆரம்பித்திருந்தது. அன்று மதியச் சாப்பாடு சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தீர்கள், எப்போது வண்டியை விட்டு இறங்கினீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் உடனே பதில் சொல்ல முடியவில்லை என்றால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

மாலை நான்கு மணிக்கு நீங்கள் எல்லையை ஒட்டி இருந்தால் கும்மிடிப்பூண்டியில் ராத்திரி தங்குங்கள். அங்கிருந்து பாரிமுனை ஏறத்தாழ 45 கிலோமீட்டர்தான், விடிந்ததும் கிளம்பினால் காலைச் சாப்பாட்டுக்கு ஊருக்குள் இருக்கலாம். இருட்டில் வடசென்னைக்குள் நுழையாதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சென்னைத் துறைமுகம், எண்ணூரில் காமராஜர் துறைமுகம், அதற்கு வடக்கே காட்டுப்பள்ளி என்று மூன்று துறைமுகங்களுக்குப் போகும் டிரெய்லர்கள் ராத்திரியும் ஓடுகின்றன. ஓரமாக நிறுத்தியிருக்கும் டிரெய்லரின் பின்பக்கம் இருட்டில் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. வீட்டில் பொங்கலுக்கு எல்லாம் வாங்கிவைத்துக் காத்திருக்கிறார்கள் என்றால் போன் போட்டு, "நாளைக்குக் காலைல வந்துடறேன்மா" என்று சொல்லிவிடுங்கள். என் அம்மா அதற்கு, "நீ வந்தா போதும், நிதானமா வா" என்றுதான் சொன்னார். அவசரம் என்னிடம்தான் இருந்தது.

அறிகுறி: சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன

கும்மிடிப்பூண்டி டீக்கடையில் கண்ணாடி டம்ளரை வாங்கியபோது சுண்டுவிரல் பக்கம் சூடே தெரியவில்லை. டம்ளரை இடக்கைக்கு மாற்றிப் பார்த்தேன், அதிலும் அப்படித்தான். சட்டைப் பொத்தானைப் போட்டுப் பார்த்தேன். பொத்தான் விரல் நுனியில் இருக்கிறதா நழுவிவிட்டதா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடிந்தது.

முழங்கையிலிருந்து வரும் உல்நார் நரம்பு, மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கமுள்ள எலும்புகளுக்கு இடையில் ஒரு குறுகிய வழியாக உள்ளங்கைக்குள் நுழைகிறது. நாள் முழுக்க அந்த இடத்தை ஹேண்டில்பாரில் ஊன்றினால் நரம்பு நசுங்குகிறது. சுண்டுவிரலும் மோதிரவிரலில் பாதியும் மரத்தால் இந்த நரம்பு. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்தால் மணிக்கட்டின் நடுவில் போகும் மீடியன் நரம்பு. அதற்கு மணிக்கட்டு மடங்கியபடியே இருப்பதும் ஒரு காரணம்.

கடைசி நாளில் இது ஏன் முற்றுகிறது என்றால், களைத்த முதுகு உடம்பைத் தாங்காமல் எடையை எல்லாம் கைமேல் போட்டுவிடுகிறது. முதலில் சீட்டைப் பாருங்கள். மூக்கு கீழே சரிந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கிக்கொண்டே இருக்கும், கை அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். சீட்டை மட்டமாக வையுங்கள். ஹேண்டில்பாரை ஏற்ற முடிந்தால் ஒரு விரல்கடை ஏற்றுங்கள், தண்டில் போட்டிருக்கும் கடைசிக் கோட்டுக்கு மேல் மட்டும் போகக் கூடாது. பிடிமேல் ஒரு பழைய துணியைச் சுற்றிக் கட்டுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கையின் இடத்தை மாற்றுங்கள். மணிக்கட்டு நேராக இருக்கட்டும்.

மரப்பு மட்டும் என்றால் மெதுவாக வண்டி ஓட்டலாம். பலம் இருக்கிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும். விரல்களை அகல விரித்துப் பாருங்கள். இரண்டு விரல்களுக்கு இடையில் ஒரு பஸ் டிக்கெட்டை இடுக்கிக்கொண்டு யாரையாவது இழுக்கச் சொல்லுங்கள். பிடிக்க முடியாமல் நழுவினால் பிரேக்கையும் உங்களால் நம்பிப் பிடிக்க முடியாது. அன்றைக்குச் சைக்கிளைக் குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய், மறுநாள் மருத்துவரைப் பாருங்கள். மரப்பு மறைய வாரக்கணக்கில் ஆகலாம். எனக்கு ஆறு வாரம் ஆனது.

அறிகுறி: முழங்கால் வலி

எங்கே வலிக்கிறது என்று விரலை வைத்துக் காட்டுங்கள். சில்லுக்கு முன்னால் வலித்தால் சீட் தாழ்ந்திருக்கிறது, இல்லை கனமான கியரில் அழுத்திக்கொண்டிருக்கிறீர்கள். முழங்காலுக்குப் பின்னால் வலித்தால் சீட் உயரம் அதிகம். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அந்த உயரமே போதும். ஏற்றுவதோ இறக்குவதோ மூன்று, நான்கு மில்லிமீட்டருக்கு மேல் ஒரே தடவையில் வேண்டாம்.

கடைசி நாளில் பெரும்பாலும் காரணம் கியர்தான். வேகமாகப் போய்ச் சேர வேண்டும் என்று கனமான கியரைப் போட்டு ஊன்றுகிறோம். இரண்டு கியர் இறக்கி, கால் வேகமாகச் சுற்றும்படி மிதியுங்கள். மேம்பாலம் ஏறும்போது இறங்கித் தள்ளினால் யாரும் உங்கள் பயணத்தில் கிலோமீட்டரைக் குறைத்துவிட மாட்டார்கள்.

வலிமாத்திரை போட்டுக்கொண்டு சமாளிக்கலாம் என்று தோன்றும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் நீர்ச்சத்து வற்றிய உடம்பில் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை. வலியை மறைத்துவிட்டு அதே காலில் மேலும் ஐம்பது கிலோமீட்டர் மிதிப்பது இன்னொரு கெடுதல்.

அறிகுறி: உட்காருமிடத்தில் எரிச்சல், கட்டி

உள்ளாடையின் தையல், வியர்வை, உப்பு மூன்றும் சேர்ந்து தோலை அறுக்கின்றன. காய்ந்த, துவைத்த துணிக்கு மாறுங்கள். உராயும் இடத்தில் வாஸ்லின் தடவுங்கள். கட்டியைக் கிள்ளி உடைக்காதீர்கள். கட்டியோடு காய்ச்சலும் இருந்தால் மருத்துவர்தான்.

அறிகுறி: அடுத்தடுத்து பஞ்சர்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1,600 கிலோமீட்டரில் எனக்கு நான்கு பஞ்சர். பொன்னேரியிலிருந்து மணலி புதுநகர் வருவதற்குள் மூன்று.

தச்சூர் கூட்டுச்சாலை வந்ததும் இரண்டு வழி. நேராகப் போனால் காரனோடை, சோழவரம், செங்குன்றம், மாதவரம். இடதுபுறம் திரும்பினால் பொன்னேரி, மீஞ்சூர் வழியாகத் திருவொற்றியூர். எனக்குத் திருவொற்றியூர் பக்கம்தான் வீடு என்பதால் இடதுபுறம் திரும்பினேன். அந்த ரோட்டில் டிரெய்லர் டயர்கள் வெடித்து உதிர்ந்த துண்டுகள் ஓரமெல்லாம் கிடக்கும். லாரி டயருக்குள் எஃகுக் கம்பி வலை இருக்கிறது. துண்டு நைந்துபோனதும் அந்தக் கம்பி மயிர்போலப் பிரிந்து ரோட்டு ஓரத்துத் தூசியில் கலந்துவிடுகிறது. சைக்கிள் ஓடுவதும் அதே ஓரத்தில்தான்.

முதல் பஞ்சரை நானே ஒட்டினேன். மூன்று கிலோமீட்டரில் மறுபடி காற்று இறங்கியது. புது டியூப் போட்டேன். அதுவும் இறங்கியது. அப்புறம் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு சைக்கிள் கடைக்குப் போனேன். வேப்பமரத்தடியில் ஒரு தகரக் கூரை, தண்ணீர் நிரப்பிய பழைய அலுமினியச் சட்டி, காற்றுப் பம்பு. கடைக்காரருக்கு எழுபது வயது இருக்கும்.

"எங்கேர்ந்து நைனா வர்ற?"

"கல்கத்தாலேர்ந்து, ஐயா."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. டயரைக் கழற்றிக்கொண்டே, "பஞ்சர் ஒட்றது பெர்சில்ல. ஓட்டை போட்டவன் எங்க கீறான்னு மொதல்ல பாரு" என்றார்.

டியூபில் காற்றடித்துத் தண்ணீரில் அமுக்கினார். குமிழி வந்த இடத்துக்கும் வால்வுக்கும் உள்ள தூரத்தைச் சாணால் அளந்தார். ஒரு சாணும் நான்கு விரலும். டயரை எடுத்து, வால்வு இருந்த இடத்திலிருந்து அதே தூரம் அளந்து, அந்த இடத்தை வெளிப்பக்கமாக மடக்கிப் பிளந்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து டயரின் உட்புறம் ஓட்டினார். பஞ்சு ஓரிடத்தில் மாட்டிக்கொண்டு இழுபட்டது. அங்கே அரை அரிசி நீளத்துக்கு ஒரு கம்பி, ரப்பருக்குள் முழுசாகப் புதைந்து, நுனி மட்டும் உள்பக்கம் எட்டிப் பார்த்தது. நகவெட்டியால் கவ்வி இழுத்தார். மூன்று ஓட்டையையும் போட்டது அந்த ஒரே கம்பி.

அவரிடம் கற்றதும் நானாகத் தெரிந்துகொண்டதும்: டயரைப் போடும்போது அதில் உள்ள பெயர் எழுத்து வால்வுக்கு நேராக வரும்படி போடுங்கள். அப்படிப் போட்டால் டியூபில் ஓட்டை இருக்கும் இடத்தை வைத்து டயரில் கம்பி இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். ஓட்டை ரோட்டைப் பார்த்த பக்கம் இருந்தால் கம்பியோ கண்ணாடியோ. ரிம்மைப் பார்த்த பக்கம் இருந்தால் ரிம்முக்குள் ஒட்டியிருக்கும் பட்டை விலகி, ஸ்போக்ஸ் தலை குத்துகிறது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை இருந்தால் காற்று குறைவாக இருந்து, பள்ளத்தில் விழும்போது ரிம்மும் டயரும் டியூபைக் கடித்திருக்கின்றன. ஓட்டையே கிடைக்கவில்லை, ஆனால் காற்று மெல்ல இறங்குகிறது என்றால் வால்வு வாயில் கொஞ்சம் எச்சில் தடவுங்கள். குமிழி கட்டினால் வால்வு டியூபை மாற்றினால் சரியாகிவிடும், சில்லறை வேலை.

ஒட்டும்போது உப்புத்தாளால் டியூபின் பளபளப்பு போகும்வரை தேயுங்கள். சொல்யூஷன் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்ட பிறகுதான் ஒட்டைப் போட வேண்டும். ஈரத்தில் போட்டால் அடுத்த பள்ளத்தில் கிளம்பிவிடும். கடைசி நாள் ஆட்கள் இதில்தான் அவசரப்படுகிறார்கள். டயரே தேய்ந்து உள்நூல் தெரிந்தால், பழைய டயரின் ஒரு துண்டை உள்ளே வைத்து மேலே டியூபைப் போட்டு, காற்றை ஒரு மட்டு குறைத்து ஓட்டலாம். எடையில் பெரும்பங்கு பின்சக்கரத்தில் இருப்பதால் அதுதான் முதலில் தேயும்.

அவர் கூலி வாங்கிக்கொண்டு, டயரை இரண்டு கட்டைவிரலாலும் அமுக்கிப் பார்த்து, "போ, வூடு வரிக்கும் தாங்கும்" என்றார். தாங்கியது.

அறிகுறி: மிதிக்கும்போது செயின் குதிக்கிறது

எல்லாக் கியரிலும், சீரான இடைவெளியில் ஒரு "டக்" வந்தால் செயினில் ஒரு கண்ணி இறுகியிருக்கிறது. பின்பக்கமாக மெதுவாகச் சுற்றி அதைக் கண்டுபிடித்து, இரண்டு கையாலும் பக்கவாட்டில் லேசாக வளைத்துத் தளர்த்துங்கள். ஒரே ஒரு கியரில் மட்டும், அழுத்தி மிதிக்கும்போது குதித்தால் அந்தப் பல்சக்கரம் தேய்ந்துவிட்டது. கியர் மாற்றிய பிறகு நிலையில்லாமல் ஏறி இறங்கினால் கேபிள் நீண்டிருக்கும். கேபிள் முனையில் உள்ள திருகைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பிச் சரிசெய்யலாம்.

தையல்காரர் வைத்திருக்கும் நாடா போதும், செயினை அளந்துவிடலாம். ஒரு பின்னின் நடுவிலிருந்து இருபத்துநான்கு கண்ணிகளைத் தாண்டி அடுத்த பின்னின் நடுவரை புதுச் செயினில் சரியாக 12 அங்குலம், அதாவது 304.8 மில்லிமீட்டர். ஒன்றரை மில்லிமீட்டர் நீண்டிருந்தால் செயினை மாற்றும் காலம் வந்துவிட்டது. மூன்று மில்லிமீட்டர் நீண்டிருந்தால் அது பின்னால் உள்ள பல்சக்கரங்களையும் தின்றிருக்கும்.

ஆனால் அறுபது கிலோமீட்டர் மிச்சம் இருக்கும்போது புதுச் செயின் வாங்கிப் போடாதீர்கள். தேய்ந்த பல்லில் புதுச் செயின் உட்காராது, முன்பைவிட அதிகமாகக் குதிக்கும். பயணம் முழுக்க அதிகம் ஓட்டிய கியரை விட்டுவிட்டு, அதிகம் பயன்படுத்தாத பல்சக்கரத்தில் போட்டு, எழுந்து நின்று மிதிக்காமல் வீடுவரை வாருங்கள். அங்கே இரண்டையும் சேர்த்து மாற்றலாம். செயினுக்கு எண்ணெய் விட்டால் துணியால் வெளிப்பக்கத்தைத் துடைத்துவிடுங்கள். சிலர் பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றுவார்கள். அத்திப்பட்டு, எண்ணூர்ப் பக்கத்து நிலக்கரித் தூசி அதில் பசைபோல ஒட்டிக்கொள்ளும்.

அறிகுறி: பின்சக்கரம் ஆடுகிறது, பிரேக்கில் இடிக்கிறது

ஸ்போக்ஸ் ஒன்று போயிருக்கும், அநேகமாகப் பின்சக்கரத்தில் செயின் பக்கம். அந்தப் பக்கத்துக் கம்பிகள்தான் அதிக இழுவிசையில் இருக்கின்றன. பைகளின் எடையும் மிதிக்கும் விசையும் அங்கேதான் விழுகின்றன.

உடைந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியோடு சுற்றிக் கட்டுங்கள், இல்லாவிட்டால் அது செயினில் மாட்டும். வலப்பக்கக் கம்பி உடைந்தால் ரிம் இடப்பக்கம் இழுபட்டிருக்கும். உடைந்ததற்கு இரண்டு புறமும் உள்ள இடப்பக்கக் கம்பிகளின் நிப்பிளை (ரிம்மில் கம்பியைப் பிடித்திருக்கும் சிறு திருகு) அரைச் சுற்று தளர்த்துங்கள். சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். போதாவிட்டால் இன்னும் அரைச் சுற்று. கோட்டம் முழுக்கப் போக வேண்டியதில்லை, பிரேக் கட்டையில் இடிக்காமல் ஓடினால் போதும். கனமான பையைப் பின் கேரியரிலிருந்து முன்பக்கம் மாற்றிக் கட்டுங்கள். இரண்டாவது கம்பியும் உடைந்தால் தள்ளிக்கொண்டு போய்க் கடையில் விடுங்கள்.

அறிகுறி: பிரேக் பிடிக்கும்போது கரகரப்பு

பிரேக் கட்டையில் மணலோ உலோகத் துகளோ பதிந்திருக்கும். ஊசியால் நெம்பி எடுத்து, ரிம்மை ஈரத்துணியால் துடையுங்கள். கட்டையில் வெட்டியிருக்கும் பள்ளம் தேய்ந்து மறைந்திருந்தால் அதே இடத்தில் மாற்றிவிடுங்கள். இதை வீடுவரை தள்ளிப்போடக் கூடாது.

அறிகுறி: வண்டி வலப்பக்கம் இழுக்கிறது

வண்டியில் கோளாறு தேட வேண்டாம். எண்ணூரிலிருந்து திருவொற்றியூர் நோக்கிக் கடலோரமாகத் தெற்கே வரும்போது கடல் உங்கள் இடப்பக்கம். மதியத்துக்குப் பிறகு கடல்காற்று அந்தப் பக்கத்திலிருந்து உங்களை ரோட்டின் நடுப்பக்கமாகத் தள்ளுகிறது. டிரெய்லர் ஒன்று வலப்பக்கம் முந்திப் போகும்போது முதலில் காற்று வெளியே தள்ளும், அடுத்த நொடி உள்ளே இழுக்கும். கடல்காற்றும் இந்த இழுப்பும் ஒரே திசையில் சேர்கின்றன. அதனால்தான் கைக்கு அத்தனை பயம் தெரிகிறது.

பின்னால் சத்தம் கேட்டதும் ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காமல் தோளைத் தளர்த்தி, மிதிப்பதை நிறுத்தாமல் இடப்பக்கம் இடம் வைத்துக்கொண்டு போங்கள். இதைவிட முக்கியமானது ஒன்று: நாற்சந்தியில் டிரெய்லரின் இடப்பக்கம் நிற்காதீர்கள். அது இடதுபுறம் திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன வழியில் வராது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். நாற்பதடி கன்டெய்னர் என்றால் அந்த வெட்டு உங்களை ஓரத்துக் கல்லோடு சேர்த்து நசுக்கிவிடும். ஓட்டுநருக்கு நீங்கள் தெரியவும் மாட்டீர்கள். பின்னால் நின்று, அது போன பிறகு போங்கள். ரோட்டில் தண்டவாளம் குறுக்கிட்டால் நேர்குறுக்காகக் கடந்துபோங்கள். சாய்வாகப் போனால் டயர் பள்ளத்தில் சிக்கும்.

நான் திருவொற்றியூர் வந்ததும் கடலோரச் சாலையை விட்டுவிட்டு உள்ளே திருவொற்றியூர் நெடுஞ்சாலைக்கு வந்துவிடுவேன். நெரிசல் அதிகம்தான், ஆனால் எல்லாம் மெதுவாக நகரும். 2021 பிப்ரவரியில் திறந்த மெட்ரோ, விம்கோ நகரிலிருந்து தலைக்கு மேலே ஓடுகிறது. தேரடி, காலடிப்பேட்டை, டோல்கேட் என்று நிலையங்களை எண்ணிக்கொண்டே வரலாம். வழி கேட்கவும் தண்ணீர் குடிக்கவும் பத்தடிக்கு ஒரு கடை.

அறிகுறி: கை நடுக்கம், காரணமில்லாத கோபம், தலைவலி

நடுக்கமும் கோபமும் சேர்ந்து வந்தால் பசி. ரத்தத்தில் சர்க்கரை குறைந்துவிட்டது. டீயை மட்டும் குடித்துக்கொண்டு ஓட்டியிருப்பீர்கள். இரண்டு வாழைப்பழம், கடலைமிட்டாய், கால் மணி நேரம் நிழல். அதற்கு முன்னால் யாரிடமும் போனில் பேசாதீர்கள். நான் என் தங்கையிடம் கத்திவிட்டேன், இன்றுவரை அது எனக்கு உறுத்துகிறது.

தலைவலியும் குமட்டலும் இருந்து, விரல்கள் வீங்கி மோதிரம் இறுகினால், வெறும் தண்ணீரை அதிகமாகக் குடித்து உப்பு நீர்த்துப்போயிருக்கலாம். வெறும் தண்ணீரை நிறுத்துங்கள், உப்புள்ளதைச் சாப்பிடுங்கள். நாக்கு வறண்டு, சிறுநீர் கரும்மஞ்சளாகப் போனால் நீர்ச்சத்துக் குறைவு. மருந்துக்கடையில் ஓ.ஆர்.எஸ். கிடைக்கும். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் தட்டையாக ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். பேச்சு குழறி, நடை தடுமாறி, உடம்பு கொதித்தால் பக்கத்தில் இருப்பவரிடம் 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். வெயில் காலத்தில் இது வரலாம் என்று யாரிடமும் முன்கூட்டியே சொல்லிவைக்க முடியாது, தனியாகத்தானே வருகிறீர்கள். அதனால் உங்கள் பெயர், ரத்த வகை, வீட்டு எண் எழுதிய அட்டையைச் சட்டைப் பையில் வையுங்கள்.

அறிகுறி: கண் எரிகிறது, எதிரே வருவது தெரியவில்லை

போகியன்று விடியற்காலையில் வந்தால் இதுதான். பனியும் எரித்த குப்பையின் புகையும் தரையோடு படிந்து நிற்கும். 2018 போகியன்று சென்னை விமான நிலையத்திலேயே விமானங்கள் தாமதமாகின. வெயில் ஏறிப் புகை கலையும்வரை டீக்கடையில் உட்காருங்கள். நானும் உட்கார்ந்தேன், ஒன்பது மணி வரைக்கும்.

அறிகுறி: வீடு நெருங்க நெருங்க வேகம் குறைகிறது

இதற்கு வண்டியில் காரணம் தேடியிருக்கிறேன். டோல்கேட் பக்கம் இறங்கி, பிரேக் உராய்கிறதா என்று சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தேன். நன்றாகச் சுற்றியது. காற்றும் இருந்தது. வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் அங்கேயே ஒரு திண்ணையில் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.

பத்தொன்பது நாள் நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: காலையில் எழுந்து தெற்கே மிதிப்பது. யாரோடும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டியதில்லை. எங்கே நிற்பது, எப்போது சாப்பிடுவது, எல்லாம் என் கையில். அது தீரப்போகிறது என்பது உடம்புக்கு முன்பே தெரிந்துவிட்டது. அதே நேரத்தில் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றும் தவிப்பு. இரண்டும் உண்மை. ஒன்று இன்னொன்றைப் பொய்யாக்காது.

இந்த அறிகுறி வந்தால் அதை எதிர்த்து வேகமாக மிதிக்காதீர்கள். நில்லுங்கள். வழியில் உங்களுக்குச் சோறு போட்டவர்கள், படுக்க இடம் கொடுத்தவர்கள் யாராவது எண் கொடுத்திருந்தால் அங்கேயே உட்கார்ந்து அவர்களுக்குப் போன் செய்யுங்கள். பாலாசோர் பக்கத்தில் ஒரு பெட்ரோல் பங்கில் எனக்கு இடம் கொடுத்தவருக்கு அழைத்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஒடியா தெரியாது. "சென்னை, சென்னை" என்றேன். அந்தப் பக்கம் அவர் யாரையோ கூப்பிட்டு "சென்னை" என்று சத்தமாகச் சொன்னது கேட்டது. அப்புறம் எழுந்து வண்டியில் ஏறினேன்.

அறிகுறி: வந்து சேர்ந்து மூன்று நாளாகிறது, இன்னும் நாலு மணிக்கே விழிப்பு வருகிறது

பசியும் குறையாது. சாப்பாட்டைத் திடீரென்று குறைக்காமல், இரண்டு வாரத்தில் மெதுவாகக் குறையுங்கள். தினமும் ஒரு அரைமணி நேரம் காலி வண்டியில் மெதுவாகச் சுற்றுங்கள், காசிமேடு வரைக்கும் போய்வந்தால்கூடப் போதும். யாராவது "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டு, நீங்கள் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். அது வலிக்கும். முழுசாகக் கேட்கக்கூடிய ஒருவரைத் தேடிப்போய்ச் சொல்லுங்கள்.

நான் மாட்டுப்பொங்கல் கழிந்த மறுநாள், அந்த வேப்பமரத்தடிக் கடைக்கே வண்டியை ஓவராயிலுக்குக் கொண்டுபோனேன். பெரியவர் ஹப்பைக் கழற்றி, பால்ரஸ்களை மண்ணெண்ணெய்ச் சட்டியில் கொட்டினார். மட்கார்டைத் திருப்பிப் போட்டு ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினார். மேலே கருப்புத் தூசி பொலபொலவென்று உதிர்ந்தது. அதன் அடியில் காய்ந்துபோன செம்மண் ஒரு பில்லையாகப் பெயர்ந்து வந்தது. அதை உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"இது எந்த ஊர் மண்ணு நைனா?"

ஸ்ரீகாகுளம் தாண்டி ஒரு மழையில் மாட்டிக்கொண்டதைச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் பீடியை அணைத்துவிட்டு, பக்கத்தில் கிடந்த மரப்பெட்டியை என் பக்கம் தள்ளினார்.